தலைப்பிள்ளையும் தமிழ் இலக்கியமும்

தாய்மையைத் தமிழைப் போலப் போற்றிய மொழி வேறில்லை என்று மேடைகளிலே கூறுவது நம்மவர் வழக்கம். அதை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் ஒரு பெண் முதன்முதலாகத் தாயாகும் அந்த ஒரு நாளை, அந்நாளின் வலியையும் அச்சத்தையும் உழைப்பையும் நம் இலக்கியம் எவ்வளவு தூரம் எழுதியுள்ளது என்று வினவுமிடத்து, கிடைக்கும் விடை நாம் பெருமை கொள்ளத்தக்கதாக இல்லை.

சான்றுகளை நோக்குவோம். புறநானூற்றின் 277ஆம், 278ஆம் பாடல்களிலே ஈன்ற பொழுது பேசப்படுகிறது. மகன் களத்தில் வீழ்ந்தமை அறிந்த தாய் அன்று அடைந்த மகிழ்ச்சியை அளந்து காட்டும் கோலாகவே அது வந்து போகிறது. மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்கும் தாயைப் பற்றிய குறளிலும் அதே கோல்தான். 312ஆம் புறப்பாட்டில் பொன்முடியார் பிள்ளைப்பேற்றைத் தாயின் கடமை என்றார். தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோரின் கடமைகளும் அப்பட்டியலில் அடுத்து வந்துவிடுகின்றன. சிலப்பதிகாரத்திலே மாதவி மகளைப் பெற்ற செய்தி, கடல் தெய்வத்தின் பெயரைக் குழந்தைக்குச் சூட்டிய விழாவாகவே நமக்கு எட்டுகிறது. பிள்ளைத்தமிழோ குழந்தை பிறந்து சில திங்கள் கழிந்த பின்னரே காப்புப் பருவத்தைத் தொடங்குகிறது. பத்து மாதச் சுமையை உருக்கமாகப் பாடியவர் பட்டினத்தார். அதுவும் தாயின் சிதையருகே நின்றுதான். பெற்றவளின் நோவு, அவள் எரியும்போது மகன் பட்ட கடனாக இலக்கியத்துள் நுழைகிறது. அவள் உயிரோடிருந்து அதைச் சொல்ல இடமிருக்கவில்லை.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. ஏட்டிலக்கியத்தைப் படைத்தவர்களுட் பெரும்பாலார் ஆடவர். போர்மறவனையும் குலக்கொழுந்தையும் வேண்டி நின்ற சமுதாயம், பிறந்த பிள்ளையின் பயனைக் கணக்கிட்டது. பெற்றவளின் பாட்டைக் கணக்கில் எடுக்கவில்லை. ஈழத் தமிழர் வீடுகளிலே பிள்ளை பெற்றவளைத் துடக்கு என்று ஒதுக்கி வைத்து, 31ஆம் நாளிலே துடக்குக் கழிப்பது வழக்கம். வீட்டிலே 31 நாளில் கழிந்த துடக்கு, இலக்கியத்திலே ஈராயிரம் ஆண்டுகளாகியும் கழியவில்லை.

இந்த மௌனம் யாரை வருத்துகிறது என்பதை அறிய, முல்லைத்தீவுக் கரையிலுள்ள நாயாற்றை எண்ணிப் பார்க்கலாம். அளம்பிலையும் செம்மலையையும் கடந்து கொக்கிளாய் நோக்கிச் செல்லும் பாதையில், ஒருபுறம் களப்பும் மறுபுறம் கடலுமாகக் கிடக்கும் மீனவர் நிலம் அது. தலைப்பிள்ளையைத் தாய் வீட்டிலே பெறுவது நம் மரபு. தாய் அருகிருப்பாள்; சரக்குக்கறியும் பாற்சுறாவும் பக்குவமாகச் சமைத்துக் கொடுப்பாள். ஆனால் 1984ஆம் ஆண்டின் இறுதியில் நாயாறு, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய் மக்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு மீள்குடியேற்றம் வாய்த்தது போர் முடிந்த பின்னரே. 1984இல் கைக்குழந்தையாகத் தாயின் இடுப்பிலே வெளியேறிய பெண், தானே தாயாகும் வயதை அடைந்தபோதும் அந்த ஊர் திரும்பக் கிட்டவில்லை. தாய் இருந்தாள், தாய் வீடு இல்லை. ஒரு தலைமுறைப் பெண்கள் தலைப்பிள்ளையை இரவல் நிலத்திலே பெற்றார்கள் என்பது ஒரு காவியத்துக்குரிய செய்தியன்றோ? திரும்பிய பின்னரும் அமைதி நிலைக்கவில்லை. 2018 ஓகஸ்டில் நாயாற்று மீனவரின் வாடிகளும் படகுகளும் வலைகளும் தீக்கிரையாயின. வலை எரிந்தால், பிள்ளைத்தாய்ச்சியின் சோறும் வைத்தியசாலைக்குப் போகும் வழிச்செலவும் சேர்ந்தே எரிகின்றன. அரசியற் செய்தியாக மட்டும் இதைப் படிக்கும் எழுத்தாளன் பாதியையே படித்தவனாவான்.

மறுபக்கமும் உண்டு. இலங்கையிலே 1930களில், உயிருடன் பிறந்த ஒவ்வோர் 100,000 குழந்தைகளுக்கும் 2,000க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். 2010களிலே அத்தொகை 40க்கும் கீழே இறங்கியது. இலவச வைத்தியமும், 1926இல் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடு வீடாகச் சென்ற பயிற்சி பெற்ற மருத்துவமாதரும், பெண்கல்வியும் கூடி ஈட்டிய வெற்றி இது. அரசர் போர்களைப் பாட ஆயிரம் பரணி வேண்டும் என்போர், மழையிலும் சேற்றிலும் சைக்கிள் மிதித்துக் குடிசை தேடிச் சென்ற மருத்துவமாதுக்கு ஒரு சிறுகதையேனும் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

போர்க்காலம் இக்குறையை இன்னும் கூர்மையாக்கியது. மேடைகளும் பாடல்களும் புறநானூற்றுத் தாயை மீண்டும் மீண்டும் அழைத்தன. மகனைக் களத்துக்கு அனுப்பிய தாய்க்கு மாலை சூட்டின. அதே வன்னியிலே 2009 பெப்ரவரியில் எறிகணைகளுக்கு இலக்கான புதுக்குடியிருப்பு வைத்தியசாலை கைவிடப்பட்டு, புதுமாத்தளனிலே ஒரு பாடசாலை வைத்தியசாலையாக மாறிற்று. சாவு நிறைந்த அந்நாட்களிலும் பிள்ளைகள் பிறந்தன. இறந்தோரை எழுதியமை நம் கடன். அதைக் குறைகூறுவார் யாருமில்லை. எனினும், அங்கே பெற்றெடுத்தவளின் கதை சேராத வரையில் அவ்வரலாறு நிறைவு பெறாது. மகனை இழந்த தாயை மட்டுமே தாயென்று காட்டும் இலக்கியம், அடுத்த போருக்கும் அவளிடமே மகனைக் கேட்கும்.

பிள்ளைப்பேறு அந்தரங்கம், அது கலைக்கு ஆகாது என்று சிலர் வாதிப்பர். அம்பையின் 'மஞ்சள் மீன்' சிறுகதை இதற்குத் தக்க மறுமொழி. கரையிலே எறியப்பட்டுத் துடிக்கும் ஒரு மீனைக் காணும் பெண்ணுக்கு, குறைமாதத்தில் பிறந்து மறைந்த தன் மகவு நினைவுக்கு வருகிறது. ஓலமில்லை, உபதேசமில்லை, ஆயினும் பெற்றவளின் உடலே அங்கே பேசுகிறது. களத்துக்கும் பஞ்சமில்லை. நாயாற்றுக்கு அணித்தான தண்ணிமுறிப்பை வைத்து அ. பாலமனோகரன் 'நிலக்கிளி'யை 1973இல் தந்து, காட்டோரத்து இளம்பெண்ணொருத்தியை நாவலின் நடுவே நிறுத்தினார். காட்டுக்குக் கிடைத்த அந்தக் கௌரவம் கடற்கரைக்கும் கிடைக்கவேண்டும்.

அதை எழுத வேண்டியவர்கள் முதலாவதாக அப்பெண்களே. அவர்கள் எழுதும்போது, தாய் தெய்வம் என்ற பழைய வாய்பாட்டைக் கொண்டு அவர்களின் வாயை அடைக்காதிருப்பது விமரிசகனின் கடமை. தெய்வத்துக்கு வலிப்பதில்லை, வழிச்செலவுக்குக் கடன் வாங்க வேண்டியதுமில்லை. நாயாற்றுக் கரையில் தலைப்பிள்ளையை மடியில் ஏந்தியிருப்பவள் மனுஷி. அவள் பட்ட பாட்டை அவள் உயிரோடிருக்கும்போதே கேட்கும் இலக்கியந்தான் மக்கள் இலக்கியம் என்ற பெயருக்கு உரியது.