வினைமுற்றும் அசையும்

ஸ்பானிய மொழியில் 'ஆப்லோ' என்னும் வினை, முதலசையை அழுத்தின் 'பேசுகிறேன்' எனவும், ஈற்றசையை அழுத்தின் 'பேசினான்' எனவும் பொருள்படும். தமிழ் வினையின் பொருளை அழுத்தம் வேறுபடுத்துவதில்லை. குறிலும் நெடிலும் ஒற்றுமே அதன் அசையை வகுப்பன. எனவே, பண்டிப்பள்ளு, குருவிப்பள்ளு முதலிய வன்னி நாட்டார் பாடல்களைப் பதிப்பிப்போர் பேச்சு வினையைத் திருத்தப் புகுதல் தகாது. வன்னியார் வழங்கும் 'வாறான்' நேர்நேர், தேமா, மாத்திரை நாலரை. அதனை 'வருகிறான்' என்றாக்கின் நிரைநிரை, கருவிளம்; மாத்திரையும் ஐந்தரையாகும். பாடுவோன் ஒரு மாத்திரையை விழுங்கவேண்டும், அன்றேல் தாளம் இடறும். 'வந்திட்டான்' தேமாங்காய், 'வந்துவிட்டான்' கூவிளங்காய். 'செய்யிறான்' ஒன்றே தப்புகிறது. 'செய்கிறான்' எனினும் கூவிளமே. செம்மை வடிவம் அடிக்குறிப்பில் வரலாம். பாட்டில் 'வாறான்' என்றே நிற்றல் வேண்டும்.