கண்மாய்ப் பறவையும் களப்புப் பறவையும்

விருதுநகர் மாவட்டத்துக் குமாரலிங்கபுரம் போன்ற மானாவாரி ஊர்களில் கண்மாய் பெருகினால்தான் வெள்ளாமை. திருச்சுழிக்குத் தென்கிழக்கே, முதுகுளத்தூர் வட்டாரத்தில், அதே கண்மாய்த் தண்ணீரை நம்பி மஞ்சள் மூக்கு நாரைகளும் வருகின்றன. அங்குள்ள சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களை அரசு 1989-இல் சரணாலயமாக்கியது. மழை பொய்த்த வருஷம் பறவையும் வராது, பார்க்க வரும் காரும் வராது.

சரணாலயத்து ஊர்க்காரர்களின் மனசை அறிய சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போகலாம். அங்கே வேட்டங்குடி சரணாலயம் 1977-இல் வந்தது; பரப்பு 38.4 ஹெக்டேர்தான். சிவகாசி வெடி நாடெங்கும் முழங்கும் தீபாவளி இரவில் இந்த ஊர் சத்தமில்லாமல் இருக்கும். கல்யாணம், கோயில் திருவிழாவுக்கும் வேட்டு கிடையாது. வனத்துறையினர் இனிப்புக் கொடுத்து நன்றி சொல்கிறார்கள். நெல்லைச் சீமைக் கூந்தன்குளத்திலோ வீட்டு வாசல் மரத்திலேயே கூடு. எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம். வெளியூர்க்காரர் வந்தால் டீக்கடைக்கு வியாபாரம் என்பதெல்லாம் பிறகு வந்த கணக்கு.

மனத்தாங்கல் இல்லாமலில்லை. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி, சரணாலயத்தில் மரம் வெட்டவும் நீரின் போக்கை மாற்றவும் அனுமதி வேண்டும். பாட்டன் காலத்தில் ஊரே மராமத்து பார்த்த கண்மாய்க்கு மனுப் போடுவது யாருக்கும் உறைக்கும்.

இலங்கையில் கதை வேறு. அங்கே ஆனையிறவுக்குக் கிழக்கே சுண்டிக்குளம் களப்பு, அதாவது கடற்கழி. பூநாரைகள் மேய்கிற அதே நீரில்தான் மீனவர்கள் இறால் பிடிக்கிறார்கள். 1938-இலேயே அது சரணாலயம். ஆனால் அந்நாட்டுச் சட்டத்தில் சரணாலயத்துக்குள் தனியார் காணியும் குடியிருப்பும் இருக்கலாம். தேசியப் பூங்கா முழுக்க அரச காணியில்தான் அமையும், அனுமதிச்சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது. 2015-இல் சுண்டிக்குளத்தின் சுமார் 19,565 ஹெக்டேர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. உள்நாட்டுப் போர் முடிந்து ஆறே வருஷம். இடம்பெயர்ந்தவர்களின் காணிப் பிணக்குகள் தீராத காலம். போதாததற்கு, சுற்றுலா என்ற பெயரில் இராணுவமே அங்கே விடுதி நடத்தியது. இந்த நிலையில் பறவை பார்க்க வருபவரைக் கரையோர மக்கள் ஐயத்தோடு பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கொள்ளுக்குடிப்பட்டிக்காரருக்குப் பறவை மேல் பாசம் அதிகம், சுண்டிக்குளத்தாருக்குக் குறைவு என்று எடுத்துக்கொள்வது தப்பு. முன்னவரின் வீட்டையும் வயலையும் யாரும் கேட்கவில்லை; வெடியைத்தான் அவர்களாகவே கைவிட்டார்கள். பின்னவரிடம் கேட்கப்பட்டது தொழில் செய்யும் இடம். அங்கே பார்வைக் கோபுரம் கட்டுமுன், எந்த மீன்வாடி எல்லைக்கல்லுக்கு உள்ளே, எது வெளியே என்று மீனவர் சங்கங்களோடு உட்கார்ந்து பேசி முடித்தாக வேண்டும்.