இராகலைப் பாதையும் வரலாறெழுதுவோரும்

கைவிடப்பட்ட புகையிரதப் பாதைகள் பற்றி எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலானவை எஞ்சின்களின் வரலாறுகளே. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை சென்ற பாதை இதற்குத் தக்க உதாரணமாகும். 1903இல் நுவரெலியாவையும் 1904இல் இராகலையையும் எட்டிய, இரண்டடி ஆறங்குல அகலமான இப்பாதையின் ஏற்றங்களும் வளைவுகளும் வியந்து கூறப்படுகின்றன. 1940களில் அது கைவிடப்பட்டமைக்கு மோட்டார் வாகனப் போட்டியே காரணம் என்பதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது.

இவ்விளக்கம் பொய்யன்று, ஆயின் போதாது. உடப்புசல்லாவைப் பகுதித் தேயிலையை இறக்குவதற்கும் தோட்டங்களுக்கு வேண்டிய பொருள்களை ஏற்றுவதற்கும் எழுந்த பாதை அது. லொறி மலிவானதும் தண்டவாளம் தேவையற்றதாயிற்று. கொழுந்து பறித்த மலையகத் தமிழரின் உழைப்போ தொடர்ந்தும் தேவைப்பட்டது. எனினும் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அவர்களை விடுத்து அப்பாதையின் வரலாற்றை எழுதுவது எங்ஙனம்?

கல்முனைக் கரையிலிருந்து நோக்கும் எமக்கு இவ்வினா அந்நியமானதன்று. 1928இல் மட்டக்களப்பை எட்டிய பாதை அங்கேயே நின்றுவிட்டது. எமது வயல்களின் நெல்லும் கடலின் மீனும் அதனை மேலும் தெற்கே இழுக்கப் போதவில்லை. தேயிலைக்காக மலையேறிய தண்டவாளம், நெல்லுக்காகச் சமதரையிலும் வரவில்லை. எனவே, ஒரு பாதை எவ்வாறு ஓடியது என்பதை விவரிக்குமுன், யாருக்காக ஓடியது என வினவுதல் வரலாறெழுதுவோரின் முதற்கடமை என்பதே எமது கருத்தாகும்.