சிதறுண்டோரும் திரும்புதலும்: உபாகமம் 30:1–10 பற்றிய பிரசங்கங்கள் குறித்து ஒரு திறனாய்வு

உபாகமம் 30-ஆம் அதிகாரத்தின் முதற்பத்து வசனங்கள் நம் பிரசங்க மேடைகளுக்கு நன்கு பழக்கமானவை. புளியங்குடி, தென்காசி வட்டாரங்களில் உபவாசக் கூட்டமாயினும் கன்வென்ஷன் பந்தலாயினும், இப்பகுதி பெரும்பாலும் ஒரே வரிசையில் விளக்கப்படுகிறது: மக்கள் பாவஞ்செய்தனர், ஆதலால் சிதறினர், மனந்திரும்பினர், ஆதலால் சேர்க்கப்பட்டனர். இஸ்ரவேலின் உடன்படிக்கை வரலாற்றைப் பொறுத்தவரை இவ்வரிசை தவறன்று. ஆனால் சிதறுண்ட மக்கள் அனைவருக்கும் இதையே அளவுகோலாக்கினால், வேதப்பகுதியின் கருத்தும் திரிகிறது. துன்புற்றோர்மேல் பழியும் விழுகிறது.

முதலாவது, மூலமொழியை நோக்குவோம். 'ஷூவ்' என்னும் எபிரேய வினை இப்பத்து வசனங்களில் ஏழு முறை வருகிறது. மக்கள் தேவனிடம் திரும்புவதற்கும், தேவன் அவர்களைத் திரும்பச் சேர்ப்பதற்கும் அதே சொல்தான். மனந்திரும்புதல், ஊர்திரும்புதல் என்று வழங்கும் தமிழர்க்கு இது எளிதில் விளங்கும். ஆயினும் 6-ஆம் வசனத்தில் செயல்படுகிறவர் தேவனே. 10:16-இல் இருதய விருத்தசேதனம் மக்களுக்குக் கட்டளையாக விதிக்கப்பட்டது. இங்கோ அதைக் கர்த்தர் தாமே செய்வதாக வாக்களிக்கிறார். எனவே மனந்திரும்புதல் மீட்புக்காக நாம் செலுத்தும் விலையன்று. அதுவும் கிருபையின் கனியே.

இரண்டாவது, நம் மக்களின் வரலாற்றை நோக்குவோம். 19-ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி முதலிய பகுதிகளிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக்கொடுமையாலும் விரட்டப்பட்டோர் இலங்கை மலையகத் தோட்டங்களுக்குச் சென்றனர். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்தம் சந்ததியாருள் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கவேண்டுமெனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு அரசுகளும் 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இங்கு வந்தோர் 'தாயகம் திரும்பியோர்' என அழைக்கப்பட்டனர். ஆனால் அவர்களுள் பலர் இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தாம் ஒருபோதும் விட்டுச்செல்லாத இடத்திற்கு அவர்கள் எவ்வாறு 'திரும்ப' இயலும்? நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய பின்னரும் அவர்கள் 'சிலோன்காரர்' என்றே பேசப்பட்டனர்.

இம்மக்கள் எப்பாவத்தினிமித்தம் சிதறினர் என்று எந்தப் போதகர் சொல்லக்கூடும்? சீலோவாம் கோபுரத்தின் கீழ் மடிந்தோரைக் குறித்து இத்தகைய கணக்கை ஆண்டவர் மறுத்தார் (லூக். 13:4, 5). எருசலேம் சபை சிதறியது உபத்திரவத்தால் (அப். 8:1). மேலும், எல்லையைக் கடந்துவிட்டதாலேயே மீட்பு நிறைவேறிவிட்டதென்று வேதம் கூறுவதில்லை. நெகேமியா 5-ஆம் அதிகாரத்தில், எருசலேமுக்கு மீண்டவர்கள் தங்கள் சகோதரரிடமே நிலங்களை அடகுவைத்து, பிள்ளைகளை அடிமைகளாக்கிப் புலம்புவதைக் காண்கிறோம்.

அவ்வாறாயின் மனந்திரும்புதலின் அழைப்பு வலுவிழந்துவிடாதோ எனச் சிலர் வினவலாம். வலுவிழக்காது; அது யாரை நோக்குகிறது என்பதே மாறுகிறது. உபாகமத்தின் இவ்வாக்கைப் பற்றிக்கொண்டு ஜெபித்த நெகேமியா அரண்மனையில் நல்ல பதவியிலிருந்தவர். அவர் சிதறுண்டோரைச் சுட்டிக்காட்டவில்லை. தம்மையும் தம் தகப்பன் வீட்டையும் பாவஞ்செய்தவர்களாக அறிக்கையிட்டார் (1:6–9). இருதய விருத்தசேதனத்தைக் கட்டளையிடும் உபாகமம் 10-ஆம் அதிகாரமோ, அதைத் தொடர்ந்து அந்நியரை நேசிக்கும்படி பணிக்கிறது (10:18, 19). ஆகவே தேவன் வாக்களிக்கும் புதிய இருதயத்தின் அடையாளங்களுள் ஒன்று, வந்துசேர்ந்தவரை ஏற்றுக்கொள்ளுதல்.

இப்பகுதியைப் பிரசங்கிக்க ஆயத்தம் செய்யும் இறையியல் மாணவர், கேட்போரில் யார் சிதறுண்டவர், யார் வீட்டில் இருப்பவர் என்பதை முதலில் ஆராய்வாராக. சிதறுண்டவருக்கு இது ஆறுதலின் வாக்கு. நிலமும் வீடும் குடியுரிமையும் உடைய நமக்கோ, இதுவே மனந்திரும்புதலின் அழைப்பு.