ஒரு வருஷத் தவணை

மனிதன் தன் மனோபாவத்தைத் தானே தேர்ந்துகொள்ளலாம். சந்தோஷம் அந்தத் தேர்வின் பலன். ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடைகளில் கிடைக்கும் சரக்கு இது. எங்கள் வங்கியின் பயிற்சி வகுப்பிலும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நம் வட்டத்தில் இதைக் கேட்டுச் சிரிப்பது வழக்கம். சிரிக்குமுன் வில்லியம் ஜேம்ஸைப் படித்துவிட வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

1869இல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்ற ஜேம்ஸ், அதையடுத்துக் கடுமையான மனச்சோர்வுக்கு ஆளானார். விஞ்ஞானம் காட்டிய உலகில் எல்லாம் முன்பே நிர்ணயமானது. மனிதன் தேர்வதற்கு ஏதுமில்லை. 1870 ஏப்ரல் 30 தேதியிட்ட நாட்குறிப்பில், பிரெஞ்சுத் தத்துவவாதி ரெனூவியேயைப் படித்துவிட்டு, ஒரு தீர்மானம் எழுதுகிறார். சுயேச்சை உண்டென்று நம்புவது. அந்த நம்புதலையே சுயேச்சையின் முதல் செயலாக்குவது. இதற்கு அவரே ஒரு கெடுவும் வைக்கிறார்: அடுத்த வருஷம் வரை. டெபாசிட் ரசீது எழுதிப் பழகியவன் என்பதால் இந்தத் தவணை என் கண்ணில் பட்டது. தன் நம்பிக்கை ஆப்டிமிஸமாக இருக்க முடியாது என்றும் அதே குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். உலகத்துக்கு எதிராகத் தான் நின்று பிடிப்பதில்தான் வாழ்க்கை இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறார். அவ்வளவுதான்.

1902இல் அவருடைய எடின்பரோ சொற்பொழிவுகள் ‘சமய அனுபவத்தின் வகைகள்’ என்று நூலாயின. அதில் ஆரோக்ய மனம், நோயுற்ற ஆன்மா என்று இரண்டு மனோபாவங்களைப் பேசுகிறார். முன்னதற்கு விட்மன் உதாரணம்; பின்னதற்கு பன்யனும் டால்ஸ்டாயும். ஆரோக்ய மனத்திலும் இரு வகை: தீமையை இயல்பாகவே உணராதது ஒன்று, பார்ப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டது மற்றது. கடைப் புத்தகங்கள் இரண்டாவது ரகம். ஜேம்ஸ் அதைக் கேலி செய்யவில்லை. அன்றைய அமெரிக்காவின் மனச்சிகிச்சை இயக்கத்தால் குணமடைந்தவர்கள் உண்டு என்பதை ஏற்கிறார். தத்துவமாக அது போதாது என்கிறார். தீமையும் யதார்த்தத்தின் பகுதி. எங்கள் தொழில் பாஷையில், பற்றுப் பக்கத்தை விட்டுவிட்டு டேலி காட்டிய லெட்ஜர் அது.

நூலின் மிக உக்கிரமான பக்கம், பெயரில்லாத ஒரு பிரெஞ்சுக்காரரின் வாக்குமூலமாக வருகிறது. மனநோய் விடுதியில் எப்போதோ கண்ட ஓர் இளைஞன், முழங்கால்களை மோவாய்வரை மடக்கி நாளெல்லாம் அசையாமல் உட்கார்ந்திருந்தவன், திடீரென்று நினைவில் எழுகிறான். தானும் அதுவாகிவிடலாம் என்ற பயம் ஆளைக் குலைத்துவிடுகிறது. அந்தப் பிரெஞ்சுக்காரர் தாமேதான் என்று ஜேம்ஸ் பின்னால் தன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னார். மனோபாவத்தைத் தேர்ந்தவரும் அந்த உருவத்தைக் கண்டு நடுங்கியவரும் ஒரே ஆள். ஒன்று மற்றதை ரத்து செய்யவில்லை.

பயிற்சி வகுப்பு தேர்வை எடுத்துக்கொண்டு இளைஞனை வெளியே நிறுத்திவிடுகிறது. கடன் கட்ட முடியாமல் கவுண்டர் முன் நிற்கிறவரிடம் மனோபாவத்தை மாற்றிக்கொள்ளச் சொல்வது, அவருடைய நிலைமையைப் பேச மறுப்பதற்கு ஒரு நாகரிகமான வழி.

நம் பக்கத்துக்கும் வரவேண்டும். ‘எழுத்து’ காலத்திலிருந்தே புதுக்கவிதைமீது விரக்தி என்ற குற்றச்சாட்டு உண்டு. பார்த்ததைச் சொல்கிறோம் என்பது நம் பதில். பார்த்திருந்தால் சரிதான். முதல் வரியில் வெறுமை, கடைசி வரியில் மரணம், நடுவே ஒரு மனிதர்கூட இல்லை என்று வருகிற கவிதைகளில் யார் எதைப் பார்த்தார்கள்? முன்கூட்டியே தீர்மானித்துவைத்த இருட்டும் ஒரு மனோபாவத் தேர்வுதான். கடைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தால் இது வரும். அதைவிட இது ஆழமானது என்று நாம் நினைத்துக்கொள்வதற்கு ஆதாரம் இல்லை.

நம்பிக்கையோ விரக்தியோ, கவிஞனிடம் நான் கேட்பது அதன் நிறத்தை அல்ல. எதைப் பார்த்துவிட்டு அந்த முடிவுக்கு வந்தான் என்பது கவிதைக்குள் இருக்கிறதா? ஜேம்ஸ் தன் பெயரை மறைத்தார். இளைஞனை மறைக்கவில்லை.