குறியெதிர்ப்பை

சங்க இலக்கியச் சொற்களில் நான் அடிக்கடி திரும்பிப் போகும் சொல் ‘குறியெதிர்ப்பை’. அளவு குறித்துக் கடனாக வாங்கி அதே அளவைத் திருப்பித் தருவதற்கு அந்தப் பெயர். உழக்கு அரிசி வாங்கினால் உழக்கு அரிசி. வட்டி கிடையாது. இன்று கைமாற்று என்கிறோம். வள்ளுவர் ஈகை அதிகாரத்தின் முதல் குறளில் இதைக் குறிப்பிடுகிறார், ஆனால் ஈகைக்கு ஒரு படி கீழே வைத்துத்தான். திரும்பி வரும் என்று தெரிந்து கொடுப்பது ஈகையாகாது என்பது அவர் கணக்கு. கொடுக்கிறவர் பக்கம் நின்று பார்த்தால் சரிதான். வாங்குகிறவர் பக்கம் நின்று பார்ப்பதற்குப் புறநானூற்றுக்குப் போக வேண்டும்.

163ஆம் பாட்டு. பெருஞ்சித்திரனார் முதிரமலைக் குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்பி, மனைவியிடம் பேசுகிறார். யார் யாருக்குக் கொடு என்று ஒரு வரிசை சொல்கிறார். உன்னை விரும்பி வாழ்கிறவர்கள், நீ விரும்புகிறவர்கள், உன் சுற்றத்து மூத்த பெண்கள் என்று வந்து, கடைசியாக, நம் சுற்றத்தின் பசி தீர உனக்குக் கைமாற்றுத் தந்தவர்கள் என்று முடிக்கிறார். இன்னாருக்குத்தான் என்று பார்க்காதே, என்னைக் கேட்காதே, வைத்து வாழலாம் என்று நினைக்காதே, எல்லோருக்கும் கொடு என்கிறார். நான் படித்த காலத்திலும் இப்போது நான் பாடம் நடத்தும் காலத்திலும் இந்தப் பாட்டுக்கு வருகிற கேள்வி ஒன்றுதான்: குமணனின் வள்ளன்மையை விளக்குக. சற்றுத் தாராளமான ஆசிரியர் என்றால், புலவரின் பெருந்தன்மையை விளக்குக.

அந்தக் கடனை வாங்கியது யார் என்று கேட்கும் வினாத்தாளை நான் பார்த்ததில்லை. வாங்கியவள் அவள். புலவர் மலைநாட்டுக்குப் போய்ப் பாடிப் பரிசில் வாங்கி வருகிற வரைக்கும் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கிறது என்றால், பக்கத்து வீட்டு வாசலில் முறத்தோடு அவள் நின்றிருக்கிறாள் என்று பொருள். பாட்டு இதை ஒளிக்கவில்லை. நாம்தான் தாண்டிப் போய்விட்டோம். அதே புலவரின் 160ஆம் பாட்டில் பசித்த பிள்ளை வெறும் பானையைத் திறந்து பார்த்து அழுகிறான். தாய் புலியைச் சொல்லிப் பயம் காட்டுகிறாள், நிலாவைக் காட்டுகிறாள், அப்பாவை நினைத்து எப்படிக் கோபித்துக்கொள்வாய் காட்டு என்கிறாள். உணவில்லாத வீட்டில் பிள்ளையின் கவனத்தை வேறு பக்கம் திருப்புவது ஒரு வேலை. நாள் முழுக்க நீளும் வேலை. உரையாசிரியர்கள் அதை அவல விவரிப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது உழைப்புக் குறிப்பாகத் தெரிகிறது.

இதை இப்போது எழுதக் காரணம் விலைவாசி. விலை ஏறும்போதெல்லாம் தமிழில் ஒரு வகை எழுத்து பெருகும். அது பெண்களுக்கான சிக்கனக் குறிப்பு. முன்பு பெண்கள் இதழ்களில் வந்தது, இப்போது யூடியூபில் வருகிறது. மாதப் பட்ஜெட் போடுவது, மீந்த சோற்றில் பலகாரம் செய்வது, கேஸ் மிச்சம் பிடிப்பது. எழுதுகிறவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பல குறிப்புகள் உதவவும் செய்கின்றன. என் கேள்வி அவை யாரைப் பார்த்துப் பேசுகின்றன என்பது. சென்னையில் வீட்டு சிலிண்டர் விலை 2020 நவம்பரில் 610 ரூபாய். 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசு. பிறகு இரண்டு முறை குறைத்தார்கள், 2024 மார்ச்சில் 818 ரூபாய் 50 காசுக்கு வந்தது. கிட்டத்தட்ட இரு மடங்காகிப் பின் ஓரளவு இறங்கிய ஒரு விலையை, குக்கரில் விசில் எண்ணி யாரும் ஈடுகட்ட முடியாது. ஆனாலும் குறிப்புகள் விசிலைத்தான் எண்ணச் சொல்கின்றன. அரசின் கணக்கிலும் சந்தையின் கணக்கிலும் நடந்த ஒன்றை அவள் கைப்பக்குவத்தின் குறையாக மாற்றித் தருகிறது இந்த எழுத்து.

இதன் வேர் ஆழமானது. வாழ்க்கைத்துணைநலம் அதிகாரத்தின் முதல் குறள், கணவனின் வளத்துக்குத் தக்கபடி வாழ்பவளே வாழ்க்கைத்துணை என்கிறது. பரிமேலழகர் அதை விரித்து, முதலை அறிந்து அதற்கேற்பச் செலவழிப்பதையும் சமையல் வல்லமையையும் வேண்டிய பொருளைத் தேடி வைப்பதையும் சேர்க்கிறார். வளம் அவனுடையது, தக்கபடி வாழ்வது அவள் பொறுப்பு. வளம் ஏன் குறைந்தது, யார் குறைத்தார்கள் என்ற கேள்விக்கு இந்த அமைப்பில் இடமில்லை. வளம் சுருங்கினால் அவள் சுருங்க வேண்டும். எங்கே சுருங்குவாள்? வீட்டு வாடகையில் சுருங்க முடியாது, பள்ளிக் கட்டணத்தில் முடியாது, கணவனின் பெட்ரோலில் முடியாது. கடைசியில் சாப்பிடுகிறவளின் தட்டில் முடியும். முட்டை நான்கிலிருந்து மூன்றாகும்போது குறைந்த முட்டை யாருடையது என்று எந்த வீட்டிலும் யாரும் கேட்பதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை; ஆண்களில் 25. இதற்கு மாதவிடாய், பேறுகாலம் எனப் பல காரணங்கள் உண்டு. தட்டும் ஒரு காரணம்.

பணத்தைச் சுருக்க முடியாத இடத்தில் நேரத்தை நீட்டுகிறார்கள். மாவு கடையில் வாங்காமல் வீட்டில் அரைப்பது, ரேஷன் வரிசை, விலை குறைந்த காய்க்காக இரண்டு நிறுத்தம் தள்ளிப் போவது. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88. ‘எப்படியோ சமாளிச்சாச்சு’ என்று ஒரு குடும்பம் சொல்லும்போது அந்த வாக்கியத்துக்கு எழுவாய் இல்லை. தமிழ் இலக்கணம் அதற்கு அனுமதி தருகிறது, தோன்றா எழுவாய் என்று பெயரும் வைத்திருக்கிறது. நான் இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாகவே எரிச்சல் வருகிறது.

மந்தம் என்றால் விலை ஏறும் என்று மட்டுமில்லை, இறங்கியும் கொல்லும். 1930களின் பெருமந்தத்தில் சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. வாங்கியிருந்த கடன் மட்டும் விழவில்லை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டதும் தங்கத்தின் ரூபாய் விலை ஏற, இந்தியாவிலிருந்து தங்கம் கப்பல் கப்பலாக வெளியேறியது. பொருளாதார வரலாற்றில் அதைத் துயரத் தங்கம் என்று எழுதுகிறார்கள். அதில் பெரும்பகுதி நகை. யார் கழுத்திலும் காதிலும் இருந்து கழன்றது என்று தனியாகச் சொல்ல வேண்டாம். அந்த ஆண்டுகளின் தமிழ்ச் சிறுகதைகளை, மணிக்கொடி மறுமலர்ச்சி என்ற சொல்லைச் சற்று ஒதுக்கிவிட்டு, இந்தத் தங்கத்தை நினைவில் வைத்து ஒருமுறை வாசிக்க வேண்டும்.

1934இல் வந்த புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ அதற்கு நல்ல தொடக்கம். அம்மாளு மில் தொழிலாளி. ஜட்கா ஓட்டும் கணவன் அடிபட்டுக் கிடக்கிறான். பால் கஞ்சி கேட்கிறான். இருட்டுச் சந்தில் ஒருவனுடன் போய் அவள் முக்கால் ரூபாயோடு திரும்புகிறாள். தொண்ணூறு ஆண்டுகளாக இந்தக் கதையைச் சுற்றி நடக்கும் விவாதம் கற்பைப் பற்றியது. கதையின் கடைசி வரி அந்தப் பக்கமாக நம்மைத் தள்ளுகிறது என்பதும் உண்மை. புதுமைப்பித்தன் மேல் எனக்குள்ள குறை அதுதான். அவ்வளவு கூர்மையாகப் பார்த்தவர், முடிவில் ஆண் வாசகர்களோடு சண்டை போடத் திரும்பிவிட்டார், அம்மாளு சந்திலேயே நிற்கிறாள். ஆனால் கதைக்குள் வேறொரு விவரம் இருக்கிறது. மில்லில் கூலி போட இன்னும் நாள் இருக்கிறது. அவள் ஏற்கெனவே உழைத்த கூலி அவள் கைக்கு வரவில்லை. அந்த இடைவெளியில்தான் கதை நடக்கிறது. சம்பளத் தேதிக்கும் பசிக்கும் நடுவிலுள்ள நாட்கள் என்று ஒரு தலைப்பு வைத்தால் தமிழ்ப் புனைவில் எத்தனையோ பெண்கள் அதன் கீழ் வருவார்கள்.

அந்த நாட்களைக் கடக்கத் தமிழ்ப் பெண்கள் கண்டுபிடித்த இன்னொரு ஏற்பாட்டுக்கும் அழகான சொல் உண்டு: சிறுவாடு. வீட்டுச் செலவில் கிள்ளிக் கிள்ளி, யாருக்கும் தெரியாமல் அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் சேர்க்கும் பணம். நகைச்சுவைத் துணுக்குகளில் இது மனைவியின் சின்னத் திருட்டு. உண்மையில், சொந்தமாகக் கணக்கு வைத்துக்கொள்ள உரிமையில்லாதவள் ஏற்படுத்திக்கொண்ட கணக்கு. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, கறுப்புப் பணத்தைவிட வேகமாக வெளியே வந்தது சிறுவாட்டுப் பணம். எத்தனையோ பெண்கள் ஒளித்து வைத்ததைக் கணவர் கையிலேயே கொடுத்து மாற்றச் சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகு செல்பேசிப் பணப் பரிமாற்றம் வந்தது. ஒவ்வொரு ரூபாயும் குறுஞ்செய்தியாக ஒலிக்கிறது, அந்த எண் பெரும்பாலும் அவரிடம் இருக்கிறது. டிஜிட்டல் பொருளாதாரத்தில் அரிசிப் பானை இல்லை.

சிறுவாடு கரைந்த இடத்துக்குக் குழுக்கடன் வந்தது. இதைச் சுயஉதவிக் குழுக்களோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய குழுக்கள் முதலில் சேமித்து, பிறகு தமக்குள் கடன் கொடுத்தவை. இன்று தெருத்தெருவாக வரும் நுண்கடன் நிறுவனங்களுக்குச் சேமிப்பைப் பற்றிக் கவலையில்லை. கடன் அவள் பெயரில், பிணை பக்கத்து வீட்டுப் பெண்கள், வட்டி ஆண்டுக்கு இருபது விழுக்காட்டுக்கு மேல். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரையுள்ள குடும்பத்துக்குக் கொடுக்கப்படும் பிணைப்பொருள் இல்லாத கடனே நுண்கடன். மாதத் தவணைகள் மொத்தமாகக் குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பாதி. வருமானத்தில் பாதியைத் தவணையாகக் கட்டிவிட்டு மீதிப் பாதியில் விலைவாசியைச் சந்திக்கலாம் என்பது, கடனாளியைப் பாதுகாக்க வந்த விதி.

இங்கேதான் குறியெதிர்ப்பை எனக்கு மீண்டும் தேவைப்படுகிறது. புறநானூற்றுப் பெண்ணுக்குக் கொடுத்தவளும் பக்கத்து வீட்டுக்காரிதான். ஆனால் அவள் கொடுத்தவள், பிணை நின்றவள் இல்லை. நுண்கடன் அந்தப் பழைய அண்டைவீட்டு உறவை அப்படியே எடுத்து, அதை வசூல் கருவியாக மாற்றியிருக்கிறது. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்களுக்குக் கடன் நிற்கும். எனவே அவள் வாசலில் போய்க் கத்துகிறவர்கள் நேற்று வரை அவளுக்குச் சர்க்கரை கொடுத்தவர்கள். ‘அக்கா, உங்களால எங்க எல்லார் பேரும் கெடுது’ என்று கேட்டுவிட்டு, அந்தக் குரல் தாங்க முடியாமல் தாலிக்கொடியை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும். என் வகுப்பில் ஒரு மாணவி திங்கட்கிழமைகளில் மட்டும் வராமல் இருந்தாள். அன்று தவணை நாள். வசூலுக்கு வருகிறவரிடம் அம்மா ஊரில் இல்லை என்று சொல்ல வீட்டில் ஆள் வேண்டும்.

சிறுபாணாற்றுப்படையில் வறுமையை விவரிக்கும் பகுதியை அந்த வாரத்தில்தான் நடத்தினேன். குட்டி போட்ட நாய் பாலில்லாத மடியோடு குரைக்கிற அடுக்களை, கறையான் அரித்த சுவர், காளான் பூத்த புழுதி. குப்பையில் நகத்தால் கிள்ளிய வேளைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவார்கள் என்று நாணி, கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள் ஒருத்தி. இதுவரை இந்தப் பகுதியில் மானம் என்ற விழுமியத்தை விளக்குவது வழக்கம். ‘அவங்க ஏம்மா கதவ சாத்துறாங்க, தப்பு அவங்களுதா?’ என்று அந்த மாணவி கேட்டாள். உரைகளில் இதற்கு விடை இல்லை. 2025இல் தமிழ்நாடு அரசு கட்டாயக் கடன் வசூலைத் தடுக்கத் தனிச் சட்டம் கொண்டு வந்தது. வீட்டு வாசலில் மிரட்டுவது அதில் குற்றம். வரவேற்க வேண்டிய சட்டம். நிறுவனத்தின் ஆளை அது வாசலிலிருந்து அகற்றலாம். பிணை நிற்கும் பக்கத்து வீட்டுக்காரியை என்ன செய்யும் என்று தெரியவில்லை.

இந்தச் சூழலில் 2023 செப்டம்பர் 15 முதல் தரப்படும் மாதம் ஆயிரம் ரூபாயின் பெயரைக் கவனியுங்கள். உதவித்தொகை என்று வைக்காமல் உரிமைத் தொகை என்று வைத்தார்கள். பெறுகிறவள் குடும்பத் தலைவி. ஏற்கெனவே செய்துவரும் வேலைக்கான அங்கீகாரம் என்ற பொருள் அதில் இருக்கிறது. ஆயிரம் ரூபாய் போதாது என்பதும், அது பல வீடுகளில் நேராகத் தவணைக்குப் போகிறது என்பதும் உண்மை. ஆனாலும் இலவசம் என்று கேலி பேசுகிற ஆண்களைக் கண்டால், 163ஆம் பாட்டின் விளிச்சொல்லைப் பார்க்கச் சொல்வேன். பெருஞ்சித்திரனார் மனைவியை ‘மனைகிழவோயே’ என்று விளிக்கிறார். கிழமை என்றால் உரிமை. மனையின் உரிமைக்காரியே என்கிறார். அந்த விளி கிடைத்தபோது அவள் கையில் இருந்தது கடன்.

பாட்டில் அவள் பதில் பேசவில்லை. எல்லோருக்கும் கொடு என்று அவர் சொல்லி முடித்ததும் பாட்டு முடிகிறது. யாருக்கு எத்தனை உழக்கு தர வேண்டும், கொடுத்தபின் நாளைக்கு என்ன மிஞ்சும் என்ற கணக்கு அவள் மனத்தில் ஓடியிருக்கும். இந்தப் பருவத்தில் அகமதிப்பீட்டுக்கு அந்தக் கணக்கை எழுதி வரச் சொன்னேன். குமணனின் வள்ளன்மை வேண்டாம், அந்த வீட்டின் கைமாற்றுக் கணக்கு வேண்டும் என்றேன். சங்க காலத்து உழக்கிலும் நாழியிலும் தொடங்கியவர்கள், இரண்டாம் பக்கத்தில் தங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தி தாளில் நான்கு பத்திகள் வரைந்திருந்தாள்: யாரிடம், எவ்வளவு, எப்போது தர வேண்டும். நான்காவது பத்திக்கு அவள் வைத்த தலைப்பு ‘அப்பாவுக்குத் தெரியுமா’.