செலின் புனைவுகளில் நடையும் வெறுப்பும்: ஒரு திறனாய்வு நோக்கு

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் புதின வரலாற்றில் லூயி-ஃபெர்தினான் செலின் (1894–1961) தவிர்க்க இயலாத பெயர். தயக்கமின்றிப் போற்றவும் இயலாத பெயர். மருத்துவரான இவர் 1932இல் வெளியிட்ட ‘இரவின் எல்லைவரை பயணம்’ என்னும் முதற்புதினம், பேச்சுமொழியை இலக்கியக் கதைமொழியாக உயர்த்தியது. கோன்கூர் பரிசு கைநழுவினும் ரெனொதோ பரிசு இதற்குக் கிட்டியது. 1937, 1938, 1941 ஆகிய ஆண்டுகளில் இவர் எழுதிய மூன்று வசைநூல்களோ யூத வெறுப்பை வெளிப்படையாகப் பரப்பின. இவ்விரு வகை எழுத்துகளுக்கும் இடையிலான உறவைத் திறனாய்வாளர்கள் விளக்கிய முறைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

‘இரண்டு செலின்’ என்னும் கருத்து

புதின ஆசிரியர் வேறு, வசைநூலாசிரியர் வேறு எனப் பிரித்துக் காண்பது ஒரு சாரார் நிலைப்பாடு. இதற்கு ஒரு முன்னோடி ஆந்த்ரே ழீத். முதல் வசைநூலை அவர் 1938இல் மிகைப்படுத்திய கேலியாகவே வாசித்தார். செருமானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் அந்நூல்கள் மறுபதிப்புக் கண்டமை இவ்வாசிப்பின் போதாமையைக் காட்டுகிறது. மேலும், 1936இல் வெளிவந்த ‘தவணையில் மரணம்’ புதினத்தில் முழுமை பெற்ற முப்புள்ளி நடையே வசைநூல்களிலும் இயங்குகிறது. எனவே நடையை மட்டும் குற்றமற்றதெனத் தனியே எடுத்துவிட இயலாது.

யூலியா கிறிஸ்தேவா 1980இல் வெளியிட்ட நூல், அருவருப்பு என்னும் கருத்தாக்கத்தின்வழி இரண்டையும் ஒருங்கே வாசித்தது. இது ஒரு முன்னேற்றமே. எனினும், இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வருவன என்றால், புதினம் எங்கு வசையாக மாறுகிறது என்னும் வினா எஞ்சுகிறது.

கதைசொல்லியின் உடந்தை

இவ்வினாவுக்கு விடை, கதைசொல்லி தன்னை நிறுத்திக்கொள்ளும் இடத்தில் உள்ளது. முதற்புதினத்தின் பர்தாமு போரின் கொடுமையையும், ஆப்பிரிக்கக் குடியேற்றச் சுரண்டலையும், டெட்ராய்ட் தொழிற்சாலையின் இயந்திர வாழ்வையும் சாடுகிறான். ஆனால் தன்னையும் விட்டுவைப்பதில்லை. அவன் கோழை, நண்பன் ரொபன்சோன் ஒரு மூதாட்டியைக் கொல்லத் திட்டமிடுவதை அறிந்தும் தடுக்காதவன், சிறுவன் பெபேரைக் காப்பாற்ற இயலாத மருத்துவன். அண்ணன் மகளின் கல்விக்காக ஆப்பிரிக்காவில் தங்கித் துன்புறும் படைவீரன் அல்சீதைக் கண்டு, தன் சிறுமையை உணர்கிறான். தீமை அனைவருக்கும் பொதுவானது. சொல்பவனுக்கும் அதில் பங்குண்டு.

வசைநூல்களில் இப்பங்கு மறைகிறது. கதைசொல்லி பாதிக்கப்பட்டவனாக மட்டும் நிற்க, உலகின் தீமை முழுவதும் ஓர் இனத்தின்மீது சுமத்தப்படுகிறது. நடை மாறவில்லை, தற்குற்ற உணர்வே நீங்கியது. அந்த நீக்கமே புனைவை வெறுப்புரையாக்கியது.

இவ்வளவுகோல் பிற்காலப் புதினங்களுக்கும் பொருந்தும். 1957இல் வந்த ‘கோட்டையிலிருந்து கோட்டைக்கு’ என்னும் புதினம், விஷி ஆட்சியினர் தஞ்சம் புகுந்த சிக்மாரிங்கனின் வீழ்ச்சியை நுட்பமாகக் காட்டுகிறது. ஆனால் கதைசொல்லி தான் எழுதியவற்றுக்குப் பொறுப்பேற்காமல், தன் துன்பத்தையே முறையிடுகிறான். அப்புதினத்தின் ஆற்றலும் குறையும் இங்கேயே உள்ளன.

மதிப்பும் மறுபதிப்பும்

டென்மார்க்கில் சிறைப்பட்டிருந்த செலினுக்கு 1950இல் பிரெஞ்சு நீதிமன்றம் அவர் நேரில் இல்லாமலேயே தண்டனை விதித்தது. 1951இல் பொதுமன்னிப்புக் கிட்டியது. ஆயினும் வழக்கு இலக்கிய உலகில் முடியவில்லை. 2011இல் செர்ழ் கிளார்ஸ்ஃபெல்ட் எதிர்ப்புத் தெரிவித்ததால் தேசிய நினைவுக் கொண்டாட்டப் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. 2018இல் காலிமார் பதிப்பகம் வசைநூல்களின் மறுபதிப்புத் திட்டத்தை நிறுத்திவைத்தது. அதே பதிப்பகம், காணாமற்போய் மீண்ட கையெழுத்துப் படிகளிலிருந்து ‘போர்’ புதினத்தை 2022இல் வெளியிட்டபோது வாசகர்கள் பெருமளவில் வரவேற்றனர். புதினத்தைக் கொண்டாடி வசைநூலை மறைக்கும் இப்போக்கு, ‘இரண்டு செலின்’ கருத்தையே பதிப்புத் துறையில் நிலைநிறுத்துகிறது.

முடிவுரை

ஆசிரியர் இறந்து எழுபது ஆண்டுகள் நிறைந்தபின், 2032இல் இவர் நூல்கள் பிரான்சில் பொதுவுடைமையாகும். அப்போது வசைநூல்களை எவரும் அச்சிடலாம். ஆகவே அவற்றை வெளியிடலாமா என்பதைவிட, எத்தகைய வரலாற்றுக் குறிப்புகளோடு வாசிப்பது என்பதே திறனாய்வின் முதன்மைக் கடமையாகிறது. செலினின் நடையைப் பாராட்டும் ஆய்வு, அந்நடை எவற்றுக்கெல்லாம் பயன்பட்டது என்பதையும் அதே பக்கத்தில் கூறியாக வேண்டும்.